மெண்டோசாவில் நான் அடைத்த மடை

என் மனைவி இருபத்தாறு வருஷம் கோயமுத்தூரில் பூகோளம் நடத்தினாள். வரைபடத்தில் குச்சியை வைத்து, "இதுதான் ஆண்டிஸ் மலை" என்று அவள் காட்டாத வருஷம் இல்லை. விருப்ப ஓய்வு வாங்கிய அன்று, "ஏனுங்க, அதைய ஒருக்கா நேர்ல பாத்துப்போட்டு வந்தரலாமுங்க" என்றாள். காசிக்குப் போகலாம் என்றிருந்தால் ஏதாவது சாக்குச் சொல்லியிருப்பேன். இது சாக்குக்கும் எட்டாத தூரம். ஆளுக்கொரு முதுகுப் பையோடு அர்ஜென்டினாவுக்குக் கிளம்பிவிட்டோம்.

மெண்டோசா அந்த நாட்டின் திராட்சைச் சீமை. ஒயின் பண்ணைகளைச் சுற்றிப் பார்க்க வசதியுள்ளவர்கள் கார் பிடிக்கிறார்கள். எங்களுக்கு எல்லாமே பஸ்தான். காந்திபுரத்தில் நகரும் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடித்த எனக்கு, அங்கே வரிசையில் நின்று ஏறுவதுதான் சிரமமாக இருந்தது.

அந்த ஊரைப் பார்த்து வாயடைத்துப் போனேன். அது பாலைவனம். மழை என்று சொல்லிக்கொள்ளும்படி கிடையாது. ஆனால் தெருவுக்குத் தெரு ஓரத்தில் வாய்க்கால் ஓடுகிறது. அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்த மரங்கள் தெருவுக்கே பந்தல் போட்டிருக்கின்றன. முதலில் சாக்கடை என்று நினைத்து மூக்கைப் பொத்திக்கொண்டேன். குனிந்து பார்த்தால் மலைப் பனி உருகி வந்த தண்ணீர். கோயமுத்தூரில் பம்புசெட் பட்டறை வைத்திருப்பவன் நான். தண்ணீரை மேலே ஏற்றுவதுதான் என் பிழைப்பு. மோட்டார் சத்தமே கேட்காமல் ஒரு ஊர் பச்சையாக நிற்பதைக் கண்டதும் என்னை அறியாமல் கை கூப்பிவிட்டேன். மனைவி, யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிலும் பார்த்தாள்.

தண்ணீர் என்றால் எனக்கு ஒரு மனக்குறையும் உண்டு. கொடுமுடிக்குப் பக்கத்தில் எனக்கும், பெரியப்பா மகனான என் அண்ணனுக்கும் விவசாயக் காடு இருக்கிறது. கிணறு பொது. ஒரு நாள் அவர் முறை, மறுநாள் என் முறை. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு சித்திரையில், அவர் முறையன்று நான் மோட்டாரைப் போட்டு, அடியில் கிடந்த தண்ணீரையெல்லாம் என் கரும்புக்குப் பாய்ச்சிவிட்டேன். தார் விட்டு நின்ற அவர் வாழை காய்ந்துபோனது. நாள் தெரியாமல் நடந்துவிட்டது என்று ஊரெல்லாம் சொல்லிவைத்தேன். அவர் நம்பவில்லை. அன்றோடு பேச்சு நின்றது.

மூன்றாம் நாள் டவுன் பஸ் ஏறி, திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு மண்பாதையில் இறங்கினோம். டிசம்பர் மாதம் அங்கே கோடைகாலம். மண்டை பிளக்கிற வெயில். ஆனால் மேற்கே வானத்தில் பாதியை அடைத்துக்கொண்டு வெள்ளை வெளேரென்று மலை நின்றது. மனைவி பையை இறக்கி வைத்துவிட்டு அழுதாள். "இத்தன வருஷமா இதையப் பழுப்புக் கலர்ல அடிச்சுக் காட்டிப்போட்டனுங்க" என்றாள்.

அங்கிருந்து பண்ணைக்கு நடக்கும் வழியில்தான் அந்த மடையைப் பார்த்தேன். பாதையோர வாய்க்காலில் இரும்புத் தகடு தூக்கியபடி இருந்தது. தண்ணீர் பக்கத்துத் தோட்டத்துக்குள் பாய்ந்து, முதல் கொடி வரிசைகளில் தளும்பி, பாதைக்கும் வழிந்துகொண்டிருந்தது. சுற்றிலும் ஆளே இல்லை.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு ஒரு வியாதி உண்டு. பட்டுவேட்டி கட்டிக் கல்யாணத்துக்குப் போகும்போதும், வழியில் மடை உடைந்திருந்தால் இறங்கி அடைத்துவிட்டுத்தான் போவோம். நான் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினேன். தகட்டை அழுத்தி இறக்கி, ஓரத்தில் மண்ணை மிதித்து அடைத்தேன். ஒரு சொட்டு ஒழுகவில்லை. புண்ணியம் சேர்த்த திருப்தியோடு பண்ணைக்குப் போனோம். அங்கே ஒயினை வாயில் வைத்துக் கொப்பளித்துத் துப்பச் சொன்னார்கள். துப்ப மனசு வராமல் விழுங்கிவிட்டேன்.

ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பினோம். அறுபது வயது மதிக்கத்தக்க அம்மா ஒருவர், கையில் மம்பட்டியோடு அந்த மடையருகே நின்றிருந்தார். தகடு மறுபடி தூக்கியிருந்தது. அவர் முகத்தைப் பார்த்து என் மனைவி செல்போனை நீட்டி, என்ன ஆயிற்று என்று கேட்டாள். அவர் ஸ்பானிஷில் சொன்னதைச் செல்போன் தமிழில் சொன்னது. இன்று ஒரு மணி வரை அவர் முறைத் தண்ணீர். அவர் தோட்டத்தின் அடிக்கோடியில் வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்தபோது யாரோ மடையை அடைத்துவிட்டார்கள். கடைசி வரிசைகளுக்குத் தண்ணீர் போய்ச் சேரவில்லை. அடுத்த முறை எட்டு நாள் கழித்துத்தான்.

மணி ஒன்றாகப் பத்து நிமிஷம் இருந்தது.

"பஸ் வந்துரும், வா அம்மிணி" என்றேன்.

மனைவி நகரவில்லை. "ஊருக்கெல்லாம் சகுனம் சொல்ற பல்லி, கழனிப்பானைல உளுந்துச்சாம் துள்ளி. நீங்கதான்னு சொல்லுங்க. இல்லாட்டி நான் சொல்லிப்போடுவேன்."

செல்போனிடம் சொன்னேன். அந்த அம்மா கேட்டது ஒரே கேள்வி: ஏன்?

"தண்ணி வீணாப் போகுதுன்னு நெனச்சுப்போட்டனுங்க."

அவர் என் சேறு காய்ந்த காலைப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை. எதிரே மம்பட்டியோடு வந்துகொண்டிருந்த பக்கத்துத் தோட்டக்காரரிடம் போனார். ஒரு மணியிலிருந்து அந்த ஆளின் முறை. இருவரும் பேசினார்கள். அந்தத் தோட்டக்காரர் என்னைப் பார்த்தார், தன் தோட்டத்தைப் பார்த்தார். அவருடைய கொடிகளும் வெயிலில் துவண்டுதான் கிடந்தன. பிறகு மரநிழலில் வரப்புமேல் உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். தன் முறையில் ஒரு மணி நேரத்தை விட்டுக்கொடுத்துவிட்டார்.

எங்கள் ஊரில் இதற்கு மம்பட்டி மண்டையில் இறங்கும். அந்த மலையைக் காட்டிலும் அந்த மனிதர்தான் எனக்குப் பெரிசாகத் தெரிந்தார். அந்த அம்மாவிடம் மம்பட்டியை வாங்கி, கடைசி வரிசை வரைக்கும் நானே தண்ணீர் கட்டினேன். அந்த வெயிலிலும் கால் விறைக்கிற குளிர்ச்சி. தண்ணீர் கடைசிக் கொடியைத் தொட்டபோது அண்ணனின் வாழை ஞாபகம் வந்தது. இங்கே தெரியாமல் செய்தேன். கொடுமுடியில் தெரிந்தேதான் செய்தேன். அண்ணன் ஈரோட்டுக்கு எழவுக்குப் போயிருந்த நாள் அது. யாருக்குத் தெரியப்போகிறது என்றுதான் மோட்டாரைப் போட்டேன்.

மறுநாள் காலை மலையடிவாரத்துக்குப் போகும் பஸ்ஸிலிருந்து அண்ணனுக்குப் போன் செய்தேன். ஊரில் அப்போது சாயங்காலம்.

"சொல்லுங்க" என்றார். வா, போ என்று பேசிக்கொண்டிருந்தவர், சண்டைக்குப் பிறகு தம்பியான எனக்கும் மரியாதை கூட்டிவிட்டிருந்தார்.

நடந்ததைச் சொன்னேன். "அன்னிக்கு உங்க முறைன்னு எனக்குத் தெரியுமுங்ணா. இனி என்ற முறையிலயும் நீங்க எடுத்துக்கங்க."

மலை ஜன்னலை நிறைத்துக்கொண்டு வந்தது.

"இப்ப மழை பேஞ்சு கெணறு மேல்படி வரைக்கும் ரொம்பிக் கெடக்குதுங்க" என்றார். "இப்பக் குடுக்கறது பெரிசுங்களா? சித்திரைல வந்து சொல்லுங்க."

போனை வைத்துவிட்டார்.

சித்திரையும் வந்தது. கிணற்றில் தண்ணீர் அடியில் கிடந்தது. என் கரும்பு சோகை இலை சுருண்டு நின்றது. என் முறையன்று மும்முனை கரண்ட் வந்ததும் மோட்டாரைப் போட்டு, வால்வை அண்ணன் பக்கம் திருப்பினேன். மோட்டார் ரூம் நிழலில் துண்டைப் போட்டு உட்கார்ந்தேன். கை தானாக வால்வுப் பக்கம் போகப் பார்த்தது. துண்டுக்கடியில் வைத்துக்கொண்டேன்.

அண்ணன் மம்பட்டியோடு ஓடி வந்தார். வால்வைப் பார்த்தார். தன் வாய்க்காலில் ஓடும் தண்ணீரைப் பார்த்தார்.

"இன்னிக்கு யாரு முறை?"

"என்றதுங்ணா."

"தெரிஞ்சுதான் திருப்புனயா?"

"தெரிஞ்சேதானுங்ணா."

அவர் மம்பட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, தண்ணீருக்கு முன்னால் வாழைக்குள் நடந்தார்.