ராஜி அக்கா வெட்டிய இரண்டு சொற்கள்

நாளை ரண்டர்ஸ் என்ற இந்த வெளிநாட்டு ஊரின் நூலகத்தில் தமிழ்க் கூட்டம். பழைய அமெரிக்காவில் அச்சகம் நடத்திய பெண்களைப் பற்றி நான் பேசுகிறேன். சென்னையிலேயே எழுதிய துண்டறிக்கையை அச்சடிக்க மறந்துவிட்டதால், இப்போது நனைந்த கோட்டுடன் யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே குடியேறிய ராஜி அக்காவின் சின்ன அச்சகத்தில் நிற்கிறேன்.

அவர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, திரையில் வாசிக்கிறார். ‘கணவர் இறந்தபின் தொழில் கற்று, பத்திரிகையை நிறுத்தாமல் அச்சடித்த விதவைகள்’ என்ற வரியில் விரல் நிற்கிறது.

“தம்பி, மனிசன் செத்து எத்தினை நாளில அடுத்த பேப்பர் வந்தது?”

“சிலருக்கு அடுத்த வாரமே வந்திருக்கு அக்கா,” என்கிறேன் பெருமையாக.

“ஒரு கிழமையில ஆர் அச்சுக்கோக்கப் பழகிறது? அவள் முதலே எல்லாம் செய்திருக்கிறாள். தன்ர பேரைப் போடத்தான் மனிசன் சாகுமட்டும் பாத்துக்கொண்டு இருந்திருக்கிறாள்.”

காகிதம் வெட்டும் இயந்திரத்தருகே அவருடைய கணவர் நிமிர்கிறார்.

“இஞ்ச போர்டில உம்மட பேர்தானே கிடக்கு. நான் இன்னும் கொஞ்ச நாள் இருந்திட்டுப் போறனப்பா.”

மூன்று வருடம் இதையே படித்த எனக்கு அந்தக் கேள்வி ஒருநாளும் தோன்றவில்லை. காது சூடாகிறது.

“‘தொழில் கற்று’ எண்டதை வெட்டட்டே?”

“வெட்டிடுங்க அக்கா.”

இயந்திரம் ஓடத் தொடங்குகிறது.

“நாளைக்கு நானும் வாறன். கேள்வி கேக்க விடுவியளோ?”

“கட்டாயம்,” என்கிறேன். பஸ் நிறுத்தத்திலேயே நாளைய உரையை வெளியே எடுத்து, இன்னும் எந்தெந்த வரியில் அக்காவிடம் மாட்டப்போகிறேன் என்று தேடுகிறேன்.