உறை போட்ட மைக்

கப்பலில் வேலை பார்க்கும் என் அண்ணன் ஒரு விடுமுறைக்கு வந்தபோது இரண்டு மைக்குகள் வாங்கி வந்தான். ஒரே கடை, ஒரே வகை, ஒரே நிறம். ஒன்று கீழ்வீட்டில் அம்மாவோடு இருக்கும் எனக்கு. மற்றது மாடியில் இருக்கும் மைனிக்கு, அதாவது அவன் மனைவிக்கு. சமூகப்பணி படித்துவிட்டு, உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கான ஒரு சிறிய அமைப்பில் வேலை பார்ப்பவள் நான். சமமான பங்கீட்டைப் பற்றிக் கூட்டங்களில் சலிக்காமல் பேசக்கூடியவள். அந்தச் சமம் பெட்டியில் அடைத்து என் கைக்கே வந்து சேர்ந்தபோது மீன் முள்ளைப் போலத் தொண்டையில் நின்றது.

அண்ணனின் கல்யாணத்துக்கு முன்பு எங்கள் வீட்டில் கிட்டார் என்றால் நான்தான். மாதா கோயில் பாடற்குழுவிலும் நான்தான். மைனி ஆத்தூரிலிருந்து வந்தார். சீர்வரிசைப் பாத்திரங்களுக்கு நடுவே ஒரு கிட்டாரும் வந்து இறங்கியது. அன்றிலிருந்து மாடியிலிருந்து அது கேட்டுக்கொண்டே இருந்தது. நன்றாகவே கேட்டது என்பதுதான் என் கஷ்டம்.

எங்கள் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. திருவிழாவுக்கு ஊர் வந்து சேர முடியாமல் கப்பல்களில் இருக்கும் ஆண்களுக்காக, கொடியிறக்கத்தன்று பாடும் பாட்டைப் பாடற்குழுவினர் முன்கூட்டியே பதிவுசெய்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். முதலில் கிட்டாரை மட்டும் பதிவுசெய்ய வேண்டும். அதைக் காதில் மாட்டிக்கொண்டு ஒவ்வொருவரும் தத்தம் வீட்டில் பாடி அனுப்புவார்கள். கிட்டார் தெளிவாக இல்லாவிட்டால் மேலே அடுக்குகிற குரல்கள் அத்தனையும் சரிந்துவிடும். அந்த ஆண்டு பாடற்குழு மாஸ்டர் எங்கள் இருவரிடமும் பதிவு கேட்டார். பெயர் போடாமல் ஒன்று, இரண்டு என்று எண் மட்டும் இட்டுத் தன் மகளிடம் அனுப்பிவிடும்படி சொன்னார். நல்லதை அவர் எடுத்துக்கொள்வார்.

எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. எங்கோ நடுக்கடலில் அண்ணன் அந்தப் பாட்டைக் கேட்கும்போது அதில் என் கிட்டார் இருக்க வேண்டும். மைனியுடையது அல்ல.

ஆகவே முறையாகத் தொடங்கினேன். மைக்கைக் கிட்டாரின் துளைக்கு நேராக வைத்தால் பானைக்குள் பேசுவதுபோல் குமுறுகிறது என்று கண்டேன். கழுத்தும் உடலும் சேரும் இடத்தைப் பார்த்து ஒரு முழம் தள்ளி வைத்தேன். மைக்குக்கும் கணினிக்கும் நடுவே இருக்கும் சிறு பெட்டியில் ஒலியைக் கூட்டுகிற குமிழ் ஒன்று உண்டு. அதைக் கூட்டினால் திரையில் பச்சைக் கோடு எழும்பும். சிவப்பைத் தொட்டால் ஒலி உடைந்துவிடும். மிகவும் தாழ்ந்தால் பின்னால் இரைச்சல் மட்டுமே மிஞ்சும். இரண்டுக்கும் இடையே நிறுத்துவதுதான் வித்தை. என் கோடு எழும்பவே மறுத்தது. குமிழைக் கூட்டக் கூட்டக் கிட்டாரை முந்திக்கொண்டு மின்விசிறி வந்தது, தெருவில் ஐஸ் ஏற்றிப் போகும் வண்டி வந்தது, அம்மா முறத்தில் அரிசி புடைப்பது வந்தது. விசிறியை நிறுத்தினேன். அம்மாவைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பினேன்.

கூடவே ஒரு ரீங்காரமும் இருந்தது. ஒரு நாள் மத்தியானம் மின்சாரம் போனபோது அது சட்டென்று நின்றது. கணினி பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. மின்சாரம் வந்ததும் சார்ஜரைப் பிடுங்கிப் பார்த்தேன், ரீங்காரம் இல்லை. மாட்டினேன், வந்தது. அன்று நான் அடைந்த மகிழ்ச்சியில் பாதி, மாடியில் இருப்பவருக்கு இது தெரிந்திருக்காது என்பதில் இருந்தது.

முதல் பதிவுகள் போயின. மாஸ்டர் குழுவில் தன் குரலிலேயே தீர்ப்புச் சொன்னார்: "ஒண்ணாம் நம்பரு, தலவாணிக்கு அடியில வச்சு வாசிச்ச மாதில்லா இருக்கு. ரெண்டு பளிச்சுனு இருக்கு, ஆனா உள்ள ஏதோ வண்டு கெடந்து கத்துது. ஞாயித்துக்கெழமைக்குள்ள ரெண்டு பேரும் திருத்தி அனுப்புங்க."

ஒன்று நான்.

பளிச்சென்று எப்படி வந்தது என்று எனக்குப் புரியவில்லை. மைனியின் மைக்கை நான் பார்த்திருக்கிறேன். கடற்காற்று அடிக்கும் மாடி ஜன்னலோரம் திறந்து கிடக்கும்; வலைத்தகட்டில் அப்போதே துரு பூத்திருந்தது. பொருளின் அருமை தெரியாதவர் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். என்னுடையது அன்று வாங்கியதுபோல மின்னியது.

மறுநாள் சாயங்காலம் மைனி படியிறங்கி வந்தார். கையில் கணினி.

"ஏளா, அந்த வண்டு எங்கேந்து வருதுனு தெரியுமா? வயர மாத்திப் பாத்தேன், எடத்த மாத்திப் பாத்தேன். போவ மாட்டேங்குது."

எதையும் விளைவுகளை எடைபோட்டுச் செய்வது என் பழக்கம். அன்று அந்தப் பழக்கம் எனக்கு வசதியாகவும் இருந்தது. சொல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை அவர் பதிவு தள்ளப்படலாம். ஆனால் என்னுடையதும் தலையணைக்கு அடியிலேயே கிடந்தால், மாஸ்டர் வண்டையே தேர்ந்தெடுப்பார். இரவும் பகலும் இன்ஜின் இரைச்சலில் கிடக்கிற மனிதர்களுக்குத் திருவிழாப் பாட்டோடு இன்னோர் இரைச்சலையும் அனுப்பியதாகும். அதற்கு என் பொறாமை ஈடாகாது. ஆகாது என்று தெரிந்தும் சொல்வதற்கு வாய் வரச் சற்று நேரம் ஆயிற்று.

"சார்ஜரப் புடுங்கிட்டு வாசிங்க மைனி."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"இத எப்பளா கண்டுபிடிச்ச?"

"கரண்டு போனப்ப."

"பாத்தியா, ஒனக்கு கரண்டு போனாலும் லாபம்" என்று சிரித்தவர், என் மேசையைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார். பிறகு அதைவிடப் பலமாகச் சிரித்தார். "என்னளா இது? மைக்கு மழைக்கோட்டு போட்டிருக்கு!"

அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. கடலுக்குப் போகிறவர்கள் போனைப் போட்டுக் கழுத்தில் தொங்கவிடும், கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் உறைக்குள் மைக்கைப் போட்டு, வாயை ரப்பர் பேண்டால் இறுக்கியிருந்தேன். எங்கள் ஊரில் உப்புக்காற்றுக்குத் தப்பிய இரும்பு கிடையாது. அண்ணன் கப்பலுக்குப் போகும் முன் தோணியில் போய்க்கொண்டிருந்தான்; அப்போது இதே உறைக்குள் போனை வைத்துக்கொண்டுதான் பேசுவான். சாப்பிட்டானா, என்ன குழம்பு என்பதுவரை எங்களுக்குக் கேட்கும். போனுக்குக் கேட்பது மைக்குக்கு மட்டும் கேட்காதா?

அதைத்தான் அவரிடமும் சொன்னேன்.

"உங்க அண்ணன் தோணிலேந்து போட்ட கூச்சலுக்குப் போன் கூட வேணாம், இங்கன சும்மா நின்னாலே கேக்கும். கிட்டாரு அப்படியா? கழத்துளா மொதல்ல."

கழற்றினேன். ஒரே ஒரு தந்தியை மீட்டினேன். பச்சைக் கோடு குதித்துச் சிவப்புக்கே போய்விட்டது. குமிழை நன்றாகக் குறைத்துவிட்டு மறுபடி மீட்டினேன். விரல் தந்தியில் உராய்வதுகூடத் தனியாகக் கேட்டது. விசிறியைக் காணோம், தெருவைக் காணோம். இத்தனை நாளும் உறையைக் குமிழால் வெல்லப் பார்த்திருக்கிறேன்.

"நல்லா இருக்குல்லா?" என்றார் மைனி.

"இருக்கு" என்றேன். நன்றி சொல்ல வேண்டிய இடம் அது. அவருடைய மைக்கில் துரு பிடித்ததன் காரணம் அலட்சியமில்லை, அவர் அதைத் திறந்துவைத்து வாசித்துக்கொண்டே இருந்தார் என்பது அப்போதுதான் உறைத்தது. அது உறைத்ததும் நன்றி இன்னும் உள்ளே போய்விட்டது.

சனிக்கிழமை இருவரும் பதிவுசெய்தோம். அவர் மேலே வாசிக்கும்போது நான் குழாயைக்கூடத் திறக்கவில்லை. நான் வாசிக்கும்போது மேலே நாற்காலி நகரவில்லை. இப்போது இரண்டு பதிவுகளிலும் ஒரே வகை மைக், ஒரே அளவு ஒலி, வண்டும் இல்லை, தலையணையும் இல்லை. இனி எது தேறினாலும் தோற்றாலும் குற்றம் சொல்ல ஒரு வயர்கூட மிச்சமில்லை.

ஞாயிறு பூசைக்குப் பிறகு மாஸ்டர் சொன்னார்: "ரெண்டும் சுத்தமா இருக்கு. ஆனா ஒண்ணாம் நம்பரு எடவெளியே குடுக்க மாட்டேங்குது. மூச்சு விடாம அடிச்சா மேல எங்கன பாடுறது? ரெண்டையே வச்சுக்குவோம்."

ஒன்று அப்போதும் நான்தான்.

பாட்டு போயிற்று. சில நாள் கழித்து எங்கள் குடும்பக் குழுவில் அண்ணனின் குரல் வந்தது. அம்மா பக்கத்தில் இருந்ததால் சத்தமாக வைத்தேன். பின்னணியில் இன்ஜின் உறுமியது.

"ஏளா, பாட்டு கேட்டேன். நாங்க நாலு பேரு ஒண்ணா ஒக்காந்து கேட்டோம். கிட்டாரு பிரமாதம்ளா. கை திருந்திட்டே! முன்னல்லாம் கோயில்ல கதவத் தட்டுற மாதி அடிப்ப, இப்ப எவ்வளவு பதமா வாசிச்சிருக்க."

"ஒன்னத்தான் சொல்லுதான்" என்றார் அம்மா, முகமெல்லாம் மலர்ந்து.

ஆசைப்பட்டது அப்படியே கிடைத்திருந்தது, வேறொருவர் கையிலிருந்து. மைனியும் அதைக் கேட்டுவிட்டார்; அண்ணனின் அதே குரல் மாடியிலிருந்தும் வந்தது. ஆனால் அவர் எதுவும் எழுதவில்லை. நான் என்ன செய்கிறேன் என்று மாடியில் காத்திருக்கிறாரா, எனக்கே விட்டுக்கொடுக்கிறாரா? விட்டுக்கொடுப்பதாக இருந்தால் அதை என்னால் தாங்க முடியாது. பேசாமல் இருந்தால் அண்ணன் அடுத்த விடுமுறைக்கு வரும்வரை அந்தப் பாராட்டு என்னுடையது. வந்த அன்று மூன்று பேருக்கும் அவமானம். இப்படி எடைபோட்டுக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொல்வதானால், தராசைச் சாய்த்தது நேர்மை மட்டுமல்ல. 'கை திருந்திட்டே' என்ற அந்தச் சொல். அதை வாங்கிக்கொண்டால், கதவைத் தட்டியதையும் சேர்த்து ஒப்புக்கொள்ள வேண்டும்.

'அது நான் இல்லண்ணே. மைனி வாசிச்சது' என்று குழுவிலேயே எழுதி அனுப்பினேன்.

பதில் உடனே வந்தது, எழுத்தில்.

'அதான பாத்தேன்!'

மாடியில் ஒரு சிரிப்புச் சத்தம், அடக்கப் பார்த்து முடியாமல் போன சிரிப்பு.

"என்னளா எழுதிருக்கான்?" என்றார் அம்மா.

"ஒண்ணுமில்லம்மா. கடல்ல காத்தாம்."

அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். சார்ஜரைப் பிடுங்கி, மைக்கை ஒரு முழம் தள்ளி நிறுத்தி, அதே பாட்டை வாசிக்கத் தொடங்கினேன். இம்முறை ஒவ்வோர் அடியின் முடிவிலும் கையை எடுத்து, யாரோ பாடுவதற்கு இடம் விட்டேன். அந்த இடத்தில் எனக்குக் கேட்டதெல்லாம் மாடியிலிருந்து இறங்கிவந்த கிட்டார்தான். அதையும் என் மைக் மிகத் துல்லியமாகப் பதிவுசெய்தது.