இருபத்திரண்டாம் நாள்

எங்கள் தெருவில் யார் வீட்டில் குழந்தை பிறந்தாலும் மூன்றாம் நாள் பூவாத்தாள் வந்து நிற்பாள். வீடு வீடாகத் தாயையும் குழந்தையையும் பார்க்கும் அரசாங்க ஆஷா பணியாளர். தோளில் ஒரு பை. அதற்குள் குழந்தையைத் தொட்டிலில் போடுவதுபோலத் தொங்கவிட்டு நிறுக்கும் தராசு, தெர்மாமீட்டர், ஒரு படிவம். அதன்பின் ஏழு, பதினான்கு, இருபத்தொன்று, இருபத்தெட்டு, கடைசியாக நாற்பத்திரண்டாம் நாள். அந்த ஆறு நடைக்குள் சர்க்கரை டப்பா எந்த அலமாரியில் இருக்கிறது என்பதுவரை அவளுக்குத் தெரிந்துவிடும். நாற்பத்து மூன்றாம் நாள் அவளை ஒருவரும் நினைப்பதில்லை. என் மகனுக்கும் அவள்தான் எடை பார்த்தாள். அப்புறம் தெருவில் பார்த்தால் தலையாட்டியதோடு சரி. இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

பூவாத்தாளுக்கு ஊர் ஹனூர் பக்கம். பத்தொன்பது வயதில் வேலாயுதத்தைக் கட்டிக்கொண்டு மைசூருக்கு வந்தவள். அவர் ஆறு வருஷத்துக்கு முன் மாரடைப்பில் போய்விட்டார். ஒரே மகள் வினிதா, கல்யாணமாகி பெங்களூரில் இருக்கிறாள். பூவாத்தாள் ஒற்றை அறையில் தனியாக இருந்தாள். ஒருவேளைதான் சமையல். "ஒருத்திக்காக ரெண்டு தடவை அடுப்புப் பத்த வெக்கறதுக்கு ஒரு மாதிரி இருக்குதுங்க" என்பாள். மகள் ஞாயிற்றுக்கிழமை போன் செய்வாள். வாரத்தில் மற்ற ஆறு நாளும் பூவாத்தாள் அதைப் பற்றியே பேசுவாள்.

போன வருஷம் எங்கள் மாடிக்கு விஜய்குமார் குடிவந்தான். நஞ்சன்கூட்டில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. மனைவி ஸ்வாதிக்கு நிறைமாதம். பிரசவத்துக்குப் பிறந்த வீட்டுக்குப் போவதுதான் வழக்கம். ஸ்வாதிக்கு அம்மா இல்லை. அதனால் கொள்ளேகாலிலிருந்து மாமியார் பாப்பாயி வந்து இறங்கினார். பெண் குழந்தை பிறந்தது.

பாப்பாயி கெட்டவர் இல்லை. ஆனால் பாணந்தியை, அதாவது பிள்ளை பெற்றவளை, எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதில் அவரிடம் யாரும் வாய் கொடுக்க முடியாது. ஜன்னலைச் சாத்தியாயிற்று. பேன் கிடையாது. தலையைச் சுற்றித் துணிக்கட்டு, இரண்டு காதிலும் பஞ்சு. பூண்டு ரசமும் சோறும், அதுவும் கொஞ்சமாக.

"எம் மருமகளாட்டம் பத்தியம் காக்கறவளை நான் பாத்ததே இல்லீங்க. ரூமை விட்டு வெளிய வர்றதில்ல. அது வேணும் இது வேணும்னு ஒரு வார்த்தை கெடையாது" என்று மாடிப்படியில் நின்று பெருமையடிப்பார்.

நானும் ஆமாம் போட்டேன். பாணந்தி இருக்கிற வீடு மாதிரியே இல்லை, எவ்வளவு அமைதி என்று சொன்னது இந்த வாய்தான். அந்தப் பெண் சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தாள். சாப்பிடவில்லை, தூங்கவில்லை, பேசவில்லை. எல்லாவற்றையும் பத்தியத்தின் கணக்கில் தள்ளிவிட்டு நாங்கள் அவளைப் புகழ்ந்துகொண்டிருந்தோம்.

பூவாத்தாளும் மூன்று நடை போய்வந்தாள். குழந்தையின் எடை ஏறியது. தாய்க்கு "நலம்" என்று எழுதிவிட்டு வந்தாள்.

இருபத்தொன்றாம் நாள் அவள் குழந்தையைத் தராசிலிருந்து எடுத்தபோது ஸ்வாதி முதல்முறையாக வாயைத் திறந்தாள்.

"அக்கா, பாப்பாவ நீங்களே எடுத்துக்கிட்டுப் போயிருங்க."

பாப்பாயி சிரித்தார். குழந்தையைப் பார்க்கப் போயிருந்த நானும் சிரித்தேன். "நான் கொண்டுபோயி என்ன பண்றது அம்மிணி, எனக்குப் பாலா இருக்குது?" என்று பூவாத்தாளும் சேர்ந்து சிரித்துவிட்டுத்தான் கிளம்பினாள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு என் வாசலில் வந்து நின்றாள்.

"கூட வாங்க. அந்தப் புள்ள தமாசு பண்ணல. நான் ஏன் சிரிச்சேன்னு தெரியலீங்க. எனக்குத் தெரிஞ்சிருக்கணும்."

வரவேண்டிய நாள் அல்லாத நாளில் வந்தவளைப் பாப்பாயி சந்தேகமாகப் பார்த்தார். நேற்றுத் தராசு சரியில்லை, மறுபடி நிறுக்கணும் என்று பூவாத்தாள் பொய் சொன்னாள். ஸ்வாதியிடம் தனியாகப் பேசவேண்டும் என்பது அவள் எண்ணம். பாப்பாயியோ கதவை விட்டு நகரவில்லை. குனிந்து மெதுவாகக் கேட்டால் பஞ்சு அடைத்த காதில் ஏறவில்லை. உரக்கக் கேட்டால் வீட்டுக்கே கேட்கும். இரண்டு முறை முயன்று பார்த்தாள். பிறகு கையை நீட்டி அந்தப் பெண்ணின் இரண்டு காதுப் பஞ்சையும் பிடுங்கிப் போட்டாள்.

"அய்யய்யோ! காத்துப் புகுந்துருமே! உனக்கென்ன பைத்தியமா?" என்று பாப்பாயி கத்தினார்.

"பெரியம்மா, நீங்களும் கேளுங்க." பூவாத்தாள் ஸ்வாதியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மிணி, எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு. ஹனூர்ல எங்க வீட்டு உள்ரூம்ல கெடந்தேன். இருவத்தஞ்சாம் நாளு புள்ளையப் பாயில போட்டுட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துட்டேன். எங்க போறேன்னு தெரியல. அது அழுகற சத்தம் கேக்காத எடத்துக்குப் போனாப் போதும்னு இருந்துச்சு. எங்கம்மா வந்து இழுத்துட்டுப் போனாங்க. வெளிய சொல்லாதேன்னாங்க. நான் வேலாயுதத்துக்கிட்டகூட சொல்லல."

ஸ்வாதி திரும்பிப் படுத்து அவள் முகத்தைப் பார்த்தாள்.

"நீங்க அப்பறம் புள்ளைய எடுத்துக்கிட்டீங்களா?"

"எடுத்துக்கிட்டேன். ரொம்ப நாளாச்சு. யாராவது டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போயிருந்தா சீக்கிரமே ஆயிருக்கும்."

அப்போதுதான் அந்தப் பெண் அழுதாள். இருபத்திரண்டு நாள் அழுகையும் சேர்ந்து வந்தது. பாப்பாயி போய் ஜன்னலைத் திறந்தார். ஷிப்ட் முடிந்து வந்த விஜய்குமார் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனான். மனநல டாக்டர் பார்த்தார், மாத்திரை கொடுத்தார். ஸ்வாதி ஒரே நாளில் தேறிவிடவில்லை. இரண்டு மாதம் பிடித்தது. இப்போது குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மாடியில் துணி உலர்த்துகிறாள், அதனிடம் ஓயாமல் கன்னடத்தில் பேசுகிறாள்.

இதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் பாப்பாயி நன்றியோடுதான் நடந்ததைக் கொள்ளேகாலில் நாலு பேரிடம் சொன்னார். நானும் இரண்டு பேரிடம் சொன்னேன். கொள்ளேகாலில் சொன்னது ஹனூருக்குப் போக எத்தனை நேரம் ஆகும்? அங்கிருந்து பெங்களூருக்குப் போனது. போகும் வழியில் பேச்சிலிருந்து ஸ்வாதி கழன்றுகொண்டாள், பெற்ற பிள்ளையைப் போட்டுவிட்டு ஓடிய பூவாத்தாள் மட்டும் மிஞ்சினாள்.

ஒரு புதன்கிழமை வினிதா போன் செய்தாள். அவளுக்கு அப்போது ஐந்து மாதம்.

"என்னையவா விட்டுட்டுப் போனே?"

"ஆமா கண்ணு" என்றாளாம் பூவாத்தாள். இல்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

வினிதா பிரசவத்துக்கு மைசூருக்கு வரவில்லை. மாமியார் வீட்டிலேயே பெற்றுக்கொண்டாள். ஆண் குழந்தை. படம் வந்தது, வா என்ற அழைப்பு வரவில்லை. மகளுக்காக வாங்கி வைத்த பெருங்காயமும் சுக்கும் பூண்டும் பூவாத்தாளின் அறையில் வாசமடித்துக்கொண்டே இருந்தன. அங்கே யார் ஆறு நடை போகிறார்களோ, தாயைப் பார்க்கிறார்களோ குழந்தையை மட்டும் பார்க்கிறார்களோ, அதுவும் தெரியவில்லை.

போன வாரம் அவளை உட்காரவைத்துக் காபி கொடுத்தேன். கேட்கக்கூடாததுதான், கேட்டுவிட்டேன்.

"இப்படி ஆகும்னு தெரிஞ்சிருந்தா அன்னைக்கு ஸ்வாதிகிட்டச் சொல்லியிருப்பீங்களா?"

காபியைக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தாள்.

"சொல்லியிருப்பேங்க" என்றாள். "எம் புள்ளகிட்ட மொதல்ல சொல்லிட்டு."