எஸ்தரின் கையில் கட்டிய காப்பு

கிறிஸ்தவப் பிள்ளையைக் கிறிஸ்தவப் பாடத்தில் இருத்தக் கூடாது என்று பள்ளிக்கூட அதிபர் சொன்னபோது அருமைநாயகிக்குச் சிரிப்புத்தான் வந்தது. வேலையிடம் என்பதால் அடக்கிக்கொண்டாள். தாய் தகப்பன் எழுதிக் கேட்டால் டென்மார்க்கில் அந்தப் பாடத்திலிருந்து பிள்ளைக்கு விலக்குக் கிடைக்கும். முஸ்லிம் பிள்ளைகள் சிலர் அப்படி எழும்பிப் போவதை அவள் பார்த்திருக்கிறாள். ஆனால் எஸ்தர், ஹொல்ஸ்டெப்ரோ நகருக்கு வெளியே ஒரு பண்ணையில் பிறந்து வளர்ந்த டெனிஷ் பிள்ளை. பெயரே வேதாகமத்திலிருந்து எடுத்த பெயர். அவளுடைய வீட்டார் ஒரு சின்னஞ்சிறு சபையைச் சேர்ந்தவர்கள். பிறந்தநாள் கொண்டாடமாட்டார்கள், கிறிஸ்மஸுக்கு நத்தார் மரம் வைக்கமாட்டார்கள். ஊர்த் தேவாலயமே வழிதவறிப் போய்விட்டது என்பது அவர்களுடைய முடிவு.

எஸ்தரைச் சேர்க்க வந்த அன்று தகப்பன் அதிபர் மரினாவின் அறையில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்.

"மூத்த இரண்டு பேருக்கும் வீட்டிலேயே பாடம் சொல்லிக் கொடுத்தோம். சட்டம் அதற்கு இடம் தருகிறது. இவள்தான் பள்ளிக்கூடம் போகவேண்டும் என்று ஒரு வருடமாக அழுகிறாள். விட்டுப் பார்க்கிறோம். எங்கள் நம்பிக்கையில் யாராவது கை வைத்தால் அன்றைக்கே கூட்டிக்கொண்டு போய்விடுவோம்."

அந்தப் பாட நேரத்தில் அருமைநாயகிதான் எஸ்தருடன் இருப்பாள் என்றார் மரினா. தகப்பன் அவள் பக்கம் திரும்பினார். நெற்றிப் பொட்டைப் பார்த்தார்.

"நீங்கள் எந்தச் சமயம்?"

"சைவம். இந்து என்று சொல்வார்கள்."

"பெயருக்கா, உண்மையிலேயே நம்புகிறீர்களா?"

"நம்புகிறேன்."

அவர் எழுந்து கை நீட்டினார். "அப்படியென்றால் பயமில்லை. இங்கே நம்புகிறவர்களைக் கண்டால் சிரிக்கிறார்கள். நம்புகிற ஒருவருக்குத்தான் எங்கள் பாடு விளங்கும்." அருமைநாயகி அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கினாள். அது ஒரு வாக்கு என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை.

தெரிந்திருக்கவே வேண்டும். கைக்குழந்தையோடு யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, மீன் ஆலையில் விரல் விறைக்க நின்று, மாலையில் டெனிஷ் படித்து, நாற்பது வயதுக்குப் பிறகு பரீட்சை எழுதிப் பெடகோ ஆனவள் அவள். வகுப்பில் ஆசிரியருக்குத் துணையாக நின்று பிள்ளைகளைப் பார்க்கிற வேலை அது. பிள்ளைகள் முதலில் அவளுடைய பெயரை "நாயா" என்று சுருக்கினார்கள். கணவர் பாலேந்திரா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "சம்பளமும் தந்து நாய் எண்டும் கூப்பிடுறாங்களோ?" மறுநாளே "அருமா" என்று மாற்றிவிட்டாள்.

மீன் ஆலைக் காலத்தில், மகள் துஷாரா சிறுவர் பள்ளியில் இருந்தபோது, அங்கே ஒருத்தி பிள்ளைக்கு மாட்டிறைச்சி தீத்திவிட்டாள். கொடுக்க வேண்டாம் என்று அருமைநாயகி தனக்குத் தெரிந்த அரைகுறை டெனிஷில் மூன்று தடவை சொல்லியிருந்தாள். "மற்றப் பிள்ளைகள் சாப்பிட இவள் பார்த்துக்கொண்டு இருந்தாள், பாவம். கொஞ்சம்தானே" என்றாள் அந்தப் பெண், சிரித்த முகத்தோடு. அருமைநாயகி வீட்டுக்கு வந்து பிள்ளையின் வாயைக் கழுவிக் கழுவி அழுதாள். இன்றைக்கும் அந்தப் பெண்ணைக் கடைத்தெருவில் கண்டால் எதிர்ப்பக்கம் மாறி நடப்பாள்.

இவ்வளவும் பட்டவள் செய்த வேலையைத்தான் இனிச் சொல்லவேண்டும்.

அந்தப் பாட நேரத்தில் இருவரும் சமையலறைக்குப் பக்கத்துச் சின்ன அறையில் இருப்பார்கள். எஸ்தர் பறவைகள் கீறுவாள், அருமைநாயகி பென்சில் சீவிக் கொடுப்பாள். வகுப்பில் பிறந்தநாள் வந்தாலும் அதே அறைதான். மேசையில் குட்டிக் கொடி வைத்து, பாட்டுப் பாடி, கேக் வெட்டுகிற சத்தம் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்கும். எஸ்தர் தலை நிமிராமல் கீறிக்கொண்டிருப்பாள். பிள்ளை மகிழ்ச்சியாகத்தான் இருந்தாள். வாசிப்பில் வகுப்பில் முதலாவதாக வந்தாள். இடைவேளையில் கயிறு அடிக்க அவளுக்கென்று இரண்டு சிநேகிதிகள் இருந்தார்கள். ஆனால் அருமைநாயகிக்கு அந்தக் குனிந்த தலைதான் கண்ணுக்குள் நின்றது.

ஐப்பசியில் ஒரு நாள் எஸ்தர் பென்சிலை வைத்துவிட்டு மெல்லிய குரலில் சொன்னாள்: "இன்றைக்கு எனக்குப் பத்து வயது. யாருக்கும் சொல்லாதே."

அது கேதாரகௌரி விரதம் முடிந்த கிழமை. தொழிற்பேட்டைக்குள் ஒரு பழைய களஞ்சியத்தைக் கோயிலாக்கி வைத்திருக்கிறார்கள். அங்கே இருபத்தொரு நாள் விரதமிருந்து, கடைசி நாள் ஐயரிடம் காப்பு வாங்கிக் கட்டியிருந்தாள். வீட்டில் எல்லோருக்கும் கட்டியதுபோக ஒரு காப்பு கைப்பையில் மிஞ்சிக் கிடந்தது. முறுக்கிய மஞ்சள் நூல், அவ்வளவுதான். எல்லாச் சாமியும் ஒன்றுதான் என்று வாழ்கிறவள் அவள். மடு மாதா கோயிலில் மெழுகுதிரி கொளுத்தியிருக்கிறாள். இங்கேயும் கூட்டாளி மேரிகிறேசோடு தேவாலயத் திருநாளுக்குப் போவாள். மேரிகிறேஸ் வீட்டுக்கு வந்தால் கையில் திருநீறு கொடுத்துத்தான் அனுப்புவாள். பாவப்பட்ட பிள்ளைக்கு ஒரு காப்புக் கட்டினால் எந்தக் கடவுள் கோபிக்கப்போகிறார்?

எஸ்தரின் இடது மணிக்கட்டில் கட்டினாள். "இது உனக்குக் காவல். ஒரு வருடம் கழற்றக் கூடாது. வெட்டினால் நல்லதில்லை, சரியா?" தன் மகளுக்குச் சொல்லிப் பழகிய சொல், அப்படியே வாயில் வந்துவிட்டது. எஸ்தர் மற்றக் கையால் நூலைத் தடவிப் பார்த்துவிட்டு, சட்டைக் கையை இழுத்து மூடினாள். அருமைநாயகிக்கு அன்று முழுவதும் மனம் நிறைந்து கிடந்தது.

ஒரு மாதம் அந்தப் பிள்ளை காப்பை வீட்டில் மறைத்தாள். குளிக்கும்போது கதவைப் பூட்டினாள். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை பொய் சொன்னாள். ஒரு நாள் தாய் கண்டு கத்தரிக்கோலை எடுத்தபோது, வீடே அதிரக் கத்தினாளாம்.

இதையெல்லாம் தகப்பன்தான் வந்து சொன்னார். அதே அறை, அதே நாற்காலி. குரல் உயரவில்லை. மேசையில் ஒரு கைக்குட்டையை விரித்தார். உள்ளே வெட்டிய மஞ்சள் நூல் கிடந்தது.

"வெட்டினால் கெட்டது நடக்கும் என்று நம்புகிறாள். நூல் இருந்தவரை எங்கள் கடவுளுக்குப் பயந்தாள். இப்போது உங்கள் கடவுளுக்குப் பயப்படுகிறாள். நித்திரை இல்லை. தாய் இருமினால்கூடத் தன்னால்தான் என்று அழுகிறாள்."

அருமைநாயகி அவசரமாகக் குறுக்கிட்டாள். "நான் அவளோடு ஒரு நிமிடம் பேசுகிறேன். ஒன்றும் ஆகாது என்று சொல்லிவிடுகிறேன். நான் சொன்னால் கேட்பாள்."

"கேட்பாள். அதுதான் பயம்." அவர் கைக்குட்டையை மடித்தார். "உங்கள் கடவுள் கோபிக்கமாட்டார் என்று சொல்வீர்கள். எங்கள் வீட்டில் அப்படி ஒரு கடவுள் இல்லை. நல்லதோ கெட்டதோ, இனி அவளிடம் எதுவும் சொல்லவேண்டாம். வகுப்புப் பிள்ளைகளுக்கு நாங்கள் பயந்தோம். உங்களுக்குப் பயப்படவில்லை."

எஸ்தர் அன்றோடு பள்ளிக்கூடத்திலிருந்து நின்றாள்.

அவர் போனபிறகு மரினா அருமைநாயகியின் தோளில் கை வைத்து ஆறுதல் சொன்னார். "நீ நல்ல மனதோடு செய்தாய். எனக்குத் தெரியும். ஒரு நூல்தானே, அருமா." துஷாராவின் வாயைக் கழுவிய அந்தப் பின்னேரம் அப்படியே முன்னால் வந்து நின்றது. அதே சிரித்த முகம், அதே இரக்கம். இவ்வளவு வருடம் தெருவில் யாரைக் கண்டு ஒதுங்கினாளோ, அவளாகவே தான் ஆகிவிட்டது புரிந்தபோது அருமைநாயகிக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது. "வெறும் நூல் இல்லை" என்று மட்டும் சொன்னாள்.

அந்தக் கிழமை மேரிகிறேஸ் வீட்டுக்கு வந்தாள். தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தவளிடம் அருமைநாயகி திடீரென்று கேட்டாள்.

"பிள்ளை, நான் தாற திருநீறை நீ என்ன செய்யிறனீ?"

மேரிகிறேஸ் கோப்பையை வைத்தாள். "ஏனக்கா இப்ப?"

"சொல்லன்."

"கடதாசியில மடிச்சுக் கொண்டுபோய் ரோசா மரத்தடியில போடுவன். எறிய மனம் வராது. பூசவும் ஏலாது."

"இவ்வளவு காலமும் ஒரு சொல்லுச் சொல்லேல்லையே!"

"நீங்கள் ஒரு நாளும் கேக்கேல்லையேயக்கா. கையில வச்சிட்டுப் போடுவியள்."

அன்று மேரிகிறேஸ் வெறுங்கையோடு போனாள். இருவருக்கும் அது சங்கடமாகத்தான் இருந்தது.

தை மாதம் வகுப்பில் "ஒருவரை ஒருவர் மதிப்போம்" என்று ஒரு கிழமை முழுவதும் பாடம் நடந்தது. சுவரெல்லாம் பிறை, சிலுவை, ஓம் என்று வர்ணப்படம். எஸ்தர் இல்லாததால் சின்ன அறைக்கு வேலையில்லை. அருமைநாயகியை வகுப்பிலேயே நிற்கச் சொல்லி, இந்து சமயம் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லும்படி கேட்டார்கள். தட்ட முடியவில்லை. விரதம் பற்றிச் சொன்னாள், கையிலிருந்த காப்பைக் காட்டினாள். பிள்ளைகள் முண்டியடித்துக்கொண்டு வந்து கைகளை நீட்டினார்கள்.

"எனக்கும் கட்டு, அருமா!"

"வீட்டில் கேட்டுவிட்டு வாருங்கள்."

முகங்கள் வாடின. எஸ்தரோடு கயிறு அடித்த சிநேகிதிகளில் ஒருத்தி நிமிர்ந்து பார்த்தாள். "எஸ்தருக்குக் கேட்காமல்தானே கட்டினாய்?"

ஆசிரியை அவசரமாக அடுத்த படத்துக்குப் போனாள். அருமைநாயகி சன்னல் பக்கம் போய் நின்றாள். மதிப்பைப் பற்றி அந்தக் கிழமை நடந்த பாடத்தில் சரியான கேள்வி அது ஒன்றுதான்.

எஸ்தரை அவள் பிறகு ஒரே ஒரு தடவைதான் கண்டாள். பனி கரைந்த பங்குனியில், பேரங்காடியில், தக்காளிப் பெட்டிக்கு அந்தப் பக்கம் தாயோடு நின்றாள். மெலிந்துபோய், கண்ணுக்குக் கீழே கருமை விழுந்திருந்தது. பள்ளிக்கூட நேரம் அது. சிநேகிதிகள் முற்றத்தில் கயிறு அடித்துக்கொண்டிருப்பார்கள்.

அருமைநாயகியைக் கண்டதும் பிள்ளையின் முகத்தில் ஒரு கணம் பழைய வெளிச்சம் வந்தது. அடுத்த கணம் அவளுடைய பார்வை அருமைநாயகியின் மணிக்கட்டுக்குப் போனது. அங்கே காப்பு இருந்தது. எஸ்தர் தன் வெறும் இடது கையைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள்.

ஒன்றுமில்லையடி பிள்ளை, ஒன்றும் ஆகாது, அது வெறும் நூல். சொல் தொண்டைவரை வந்துவிட்டது. இரண்டடி எடுத்து வைத்தால் போதும். தகப்பன் கேட்டது இது ஒன்றைத்தான், சொல்லாதே என்று. முதல் வாக்கைத்தான் காப்பாற்றவில்லை. இதையாவது காப்பாற்ற வேண்டும், அந்தப் பிள்ளை பயந்துகொண்டே இருந்தாலும்.

அருமைநாயகி வண்டிலைத் திருப்பிக்கொண்டு வேறு பக்கம் போனாள். எடுத்த தக்காளியைக் கையிலேயே வைத்துக்கொண்டு பால் பெட்டிகளுக்கு முன்னால் நின்று அழுதாள்.