ஆர்லிஸ் பென்னரும் கூட்டணி மாறிய குளிர்காலமும்

மார்லிங் ஊரில் ஆர்லிஸ் பென்னரை வாக்குவாதத்தில் ஜெயித்தவர் கிடையாது. தன் வாதத்திறமைதான் அதற்குக் காரணம் என்று அவள் நினைத்திருந்தாள். ஊர் அப்படி நினைக்கவில்லை. டாக்டர் வீபியின் பல் மருத்துவமனையில் பற்களைச் சுத்தம் செய்வது அவள் வேலை. எதிராளி மல்லாந்து கிடப்பார். திறந்த வாய்க்குள் ஒரு கண்ணாடி, ஒரு கொக்கி, எச்சில் உறிஞ்சும் குழாய், போதாததற்கு அவளுடைய இரண்டு விரல்கள். இந்த நிலையில் யாராக இருந்தாலும் "ஆ" என்றுதான் சொல்ல முடியும். ஆர்லிஸ் அதை "ஆமாம்" என்று எடுத்துக்கொள்வாள்.

பேச்சு எப்போதும் கூடைப்பந்துதான். ஜூலை பிறந்தால் ஒப்பந்தம் முடிந்த பெரிய ஆட்டக்காரர்களுக்குக் கதவைத் திறந்துவிடுவார்கள். யார் எந்த அணிக்கு வேண்டுமானாலும் போகலாம். அந்த மாதம் ஆர்லிஸிடம் வருகிறவர்களுக்கு ஈறு கொஞ்சம் கூடவே வலிக்கும்.

"போன வருஷம் நெஞ்சைத் தட்டி 'இது என் ஊரு'ன்னான். இந்த வருஷம் வேற ஊர்ல போய் அதே நெஞ்சைத் தட்டறான். நெஞ்சு ஒண்ணுதான், ஊரு மட்டும் மாறிட்டே இருக்கு. நீங்களே சொல்லுங்க, இது நியாயமா?"

"ஆ."

"அப்படிச் சொல்லுங்க. இன்னும் கொஞ்சம் அகலமா திறங்க."

கல்லூரிப் பையன்களும் வருஷத்துக்கு ஒரு கல்லூரி மாறத் தொடங்கியபோது அவளுக்குப் பேச்சு இரண்டு மடங்கானது. தங்களுக்குள் மட்டும் மோதிக்கொள்ளச் சேர்ந்திருந்த கல்லூரிகளே அந்தக் கூட்டணியை உதறிவிட்டு இன்னொரு கூட்டணிக்கு ஓடத் தொடங்கியபோது டாக்டர் வீபி நடுவில் எட்டிப்பார்த்து, "ஆர்லிஸ், வெளியில மூணு பேர் காத்திருக்காங்க" என்று சொல்லும்படி ஆனது. அவளிடம் இதற்கெல்லாம் ஒரு சட்டம் தயாராக இருந்தது. காலையில் பஸ் ஏறினால் மத்தியானத்துக்குள் போய்ச் சேருகிற ஊரோடு மட்டும்தான் ஒரு கல்லூரி விளையாட வேண்டும். விமானம் ஏறி விளையாடப் போவது கூடைப்பந்து இல்லை, சுற்றுலா.

வீட்டில் இதைக் கேட்க ஆள் இருந்தது. ஆனால் பதில் வராது. கணவன் கேலன் டிராக்டர் பழுதுபார்ப்பவன். கூடைப்பந்தைப் பற்றி அவன் இதுவரை சொன்ன ஒரே கருத்து, "பசங்க நல்ல உயரம்" என்பதுதான்.

அவளுக்குப் பதில் சொன்ன ஒரே மனிதர் டெல்பர்ட் ஓய்லர். தானியக் கிடங்கை நிர்வகித்து ஓய்வு பெற்றவர். ஆர்லிஸ் படித்தது, உயிரை வைத்திருப்பது எல்லாம் ஷெல்டன் பல்கலைக்கழகம், பச்சை நிறம். டெல்பர்ட் ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஹார்கிரோவ் கல்லூரி, ஊதா நிறம். இரண்டு அணிகளும் தாத்தா காலத்திலிருந்து குளிர்காலத்துக்கு இரண்டு முறை மோதிக்கொள்ளும். டெல்பர்ட் ஆட்டப் பருவம் தொடங்குமுன் நவம்பரில் ஒரு தடவை, முடிந்த பிறகு மே மாதத்தில் ஒரு தடவை பல் சுத்தம் செய்ய வருவார். ஊதாத் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு படுப்பார். அவள் பேசப் பேசப் பொறுமையாகக் கேட்பார். பிறகு ஒரு விரலைத் தூக்குவார். அவள் கருவிகளை வெளியே எடுத்தாக வேண்டும். எழுந்து, கொப்பளித்து, நிதானமாகத் துப்பிவிட்டு, ஒரே ஒரு வாக்கியம் சொல்வார்.

"ஏம்மா, தடுக்க ஆளே இல்லாம போடற அந்த ஃப்ரீ த்ரோவை உங்க பசங்களுக்கு யாராவது சொல்லிக் குடுத்தாங்களா, இல்ல தானா கத்துக்கிட்டாங்களா?"

சொல்லிவிட்டு மறுபடி படுத்து வாயைத் திறந்துகொள்வார். அடுத்த வரிசை முழுவதும் ஆர்லிஸ் பல்லைச் சுரண்டுகிற சத்தம் வரவேற்பறை வரை கேட்கும்.

அந்த மே மாதம் ஷெல்டன் பழைய கூட்டணியை விட்டுப் போகப்போகிறது என்று வதந்தி கிளம்பியிருந்தது. ஆர்லிஸ் நம்பவில்லை. ஆனாலும் சீண்டாமல் இருக்க முடியவில்லை.

"நாங்க போகமாட்டோம். போனாலும் எங்களைக் கூப்பிட நாலு பேர் இருக்காங்க. உங்க ஹார்கிரோவை யாரு கூப்பிடுவா? கல்யாணத்துல மிச்சமான நாற்காலி மாதிரி அங்கேயே கிடக்கவேண்டியதுதான்."

டெல்பர்ட்டின் விரல் மேலே போனது. அதே நேரம் டாக்டர் வீபி உள்ளே வந்தார். ஈறுகளைப் பார்த்தார், நெற்றியைச் சுருக்கினார், தாழ்ந்த குரலில் என்னவோ சொன்னார். டெல்பர்ட் தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விட்டார். பதில் வராமலே போனது.

ஜூனில் செய்தி வந்தது. ஷெல்டன் பழைய கூட்டணியை விட்டுவிட்டுக் கடலோரக் கூட்டணியில் சேர்ந்துவிட்டது. கடலைப் பார்க்க வேண்டுமானால் ஷெல்டனிலிருந்து இரண்டு நாள் கார் ஓட்ட வேண்டும். ஹார்கிரோவோடு இனி ஆட்டம் கிடையாது. அதே வாரம் ஷெல்டன் அணியின் ஜாலன் புரூயிட் என்ற பையன் கல்லூரி மாறி ஹார்கிரோவுக்கே போய்ச் சேர்ந்தான். ஆர்லிஸ் வாசலில் பறந்துகொண்டிருந்த பச்சைக் கொடியை இறக்கி, துவைத்து, மடித்து, அலமாரியின் அடித்தட்டில் வைத்தாள்.

"இனிமே ஒரு ஆட்டம்கூடப் பாக்கமாட்டேன், கேலன். நீ சாட்சி."

கேலன் தலையாட்டினான். இந்தச் சபதம் எத்தனை நாள் தாங்கும் என்று அவனுக்கு ஒரு கணக்கு இருந்திருக்கும்; சொல்லவில்லை.

நவம்பர் வந்தது. டெல்பர்ட் வரவில்லை. முதல் வாரம், அவர் மறந்திருப்பார் என்று ஆர்லிஸ் நினைத்தாள். இரண்டாவது வாரம் வரவேற்பில் இருக்கும் ரோண்டாவிடம் கேட்டாள்.

"ஓய்லருக்கு நாள் குடுக்கலையா நீ?"

ரோண்டா திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னாள். "அவரு எப்பவோ போயாச்சு. பக்கத்து ஊர்ல புதுசா ஒரு கிளினிக் திறந்திருக்காங்கல்ல, அங்கதான். எக்ஸ்ரே எல்லாம் அனுப்பச் சொல்லி ஆகஸ்ட்லயே போன் பண்ணிட்டாங்க."

"ஆகஸ்ட்லயா? என்கிட்ட ஏன் சொல்லல?"

"ஜூலை முழுக்க நீ பேசினதைக் கேட்டதுக்கப்புறம் யாருக்குடி தைரியம் வரும்?" ரோண்டா இப்போது திரும்பினாள். சிரிப்பை அடக்குவது நன்றாகத் தெரிந்தது. "ஒப்பந்தம் முடிஞ்சுது, மனுஷன் அணி மாறிட்டாரு."

"இதுல சிரிக்க என்ன இருக்கு? முப்பது வருஷமா அந்தக் கடைவாய்ப் பல்லை நான் பாத்துக்கிட்டிருக்கேன்."

"போய் நெஞ்சைத் தட்டிக் கேளு."

ஆர்லிஸ் அன்று மத்தியானம் நோயாளிகளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பயந்துபோன ஒரு பெண்மணி, தன் பற்களில் ஏதோ பெரிய கோளாறு, அதனால்தான் இவள் வாயைத் திறக்கவில்லை என்று முடிவு கட்டி டாக்டரிடம் இரண்டு முறை கேட்டுவிட்டுப் போனாள்.

ஷெல்டன் தன்னை விட்டுப் போனது கோபமாகத்தான் இருந்தது. இது வேறு மாதிரி இருந்தது. மே மாதம் சொன்ன நாற்காலிப் பேச்சு காரிலும் சமையலறையிலும் கூடவே வந்தது. அது வேடிக்கைக்குச் சொன்னதுதான். ஆனால் வேடிக்கை என்றால் இரண்டு பேரும் பேசியிருக்க வேண்டும். அன்று ஒருத்திதான் பேசியிருக்கிறாள்.

டிசம்பரில் ஒரு சனிக்கிழமை காலை அவள் காரை எடுத்தாள். கேலனிடம் துணிக்கடைக்கு என்றாள். ஆற்றைத் தாண்டி நேராக ஹார்கிரோவ் அரங்கத்துக்குப் போனாள். அங்கே எப்போதும் விருந்தாளிகள் பக்கத்தில், பச்சைக் கூட்டத்தின் நடுவில் உட்கார்ந்தே பழக்கம். அன்று ஹார்கிரோவோடு மோத வந்திருந்தது அவள் பெயர்கூடக் கேட்டிராத ஒரு கல்லூரி. அரங்கில் பாதி காலி. குளிருக்குப் போட்டிருந்த கோட்டு பச்சை என்பது உள்ளே நுழைந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

டெல்பர்ட் ஐந்தாவது வரிசையில் ஓரமாக உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றார், பிறகு ஏன் எழுந்தோம் என்று தெரியாதவர்போல மறுபடி உட்கார்ந்தார்.

"வழி தப்பிடுச்சா? கடல் அந்தப் பக்கம்மா."

"கேலி எல்லாம் அப்புறம் வெச்சுக்கலாம்," என்று அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நான் நேராவே கேக்கறேன். நான் சொன்னதுக்காகத்தான் போனீங்களா?"

"எதைச் சொன்னே?"

"அதான், நாற்காலி."

"எந்த நாற்காலி?"

அவருக்கு உண்மையாகவே ஞாபகமில்லை. இத்தனை வாரமாக நெஞ்சில் சுமந்ததை அவர் காதிலேயே வாங்கவில்லை என்பது ஆர்லிஸுக்கு நிம்மதியாக இருக்க வேண்டும். கொஞ்சம் அவமானமாகத்தான் இருந்தது.

"அப்போ ஏன் போனீங்க?"

டெல்பர்ட் மைதானத்தைப் பார்த்தார். தொப்பியைச் சரிசெய்தார். அப்போதுதான் அவள் கவனித்தாள். மேல்வரிசை ஒரே சீராக, வெள்ளைவெளேரென்று, பற்பசை விளம்பரம் மாதிரி இருந்தது.

"டெல்பர்ட். அது பல்செட்டா?"

"மேல மட்டும்தான்."

"என் பல்லு எங்கே?"

"என்னது, உன் பல்லா?"

"முப்பது வருஷம் தேச்சது யாரு?" முன்வரிசையில் இருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவள் குரலை இறக்கவில்லை. "தினமும் பல்லிடுக்குல நூல் போடறேன்னு சொன்னீங்க! ஒவ்வொரு தடவையும் சொன்னீங்க!"

"சொன்னேன்."

"போட்டீங்களா?"

"வீட்ல நூல் இருந்துச்சு." அவர் முகம் தொப்பியின் நிறத்துக்கு வந்துகொண்டிருந்தது. "அன்னிக்கு டாக்டர் ஈறு போச்சுன்னு சொன்னாரு. மேல்வரிசை எல்லாத்தையும் எடுக்கணும்னு. அதை உன் நாற்காலியில உக்காந்து, உன் முன்னாடி... எனக்கு வாய் வரலம்மா. கிடங்குல நாப்பது பேரை மேய்ச்சவன் நான். உனக்குப் பயந்துதான் கிளினிக் மாறினேன். போதுமா?"

ஆர்லிஸ் சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்தாள். அதற்குள் ஆட்டம் தொடங்கிவிட்டது.

வாயில் கருவி எதுவும் இல்லாத டெல்பர்ட்டோடு அவள் இதுவரை பேசியதே இல்லை. அன்று பேசிப் பார்த்தாள். படு தோல்வி. கல்லூரிகள் விமானம் ஏறுவதைப் பற்றி அவள் ஒன்று சொன்னால், ஷெல்டன் பாட்டனார் காலத்தில் ரயிலேறிப் போய் விளையாடியதை அவர் எடுத்துவிட்டார். விசுவாசத்தைப் பற்றிப் பேசினால், ஷெல்டன் நான்கு பயிற்சியாளர்களை நடுப்பருவத்தில் வீட்டுக்கு அனுப்பியதை வரிசையாகச் சொன்னார். ஒரு வாக்கியத்தோடு நிறுத்துகிற மனிதர் என்று நினைத்திருந்தவர் இடைவேளை வரை நிறுத்தவில்லை.

நடுவில் பந்து ஜாலன் புரூயிட்டிடம் வந்தது. ஷெல்டனில் அவன் பருவம் முழுவதும் பெஞ்சில் துண்டைத் தலையில் போட்டு உட்கார்ந்திருந்தவன். ஜூனில் அவனைத் துரோகி என்று நாற்பது வாய்களுக்குள் சொல்லியிருக்கிறாள். இப்போது ஊதாச் சட்டையில் இரண்டு பேரை ஏமாற்றி உள்ளே புகுந்து, பந்தைக் கூடைக்கு அனுப்பத் தாவினான்.

"முழங்கையை உள்ள வைடா!" என்று கத்தினாள் ஆர்லிஸ்.

பந்து வளையத்தில் சுற்றி உள்ளே விழுந்தது. பச்சைக் கோட்டோடு எழுந்து நின்றுகொண்டிருந்ததை அவள் தாமதமாக உணர்ந்தாள்.

"துரோகிக்கு யோசனை சொல்றியா?" என்றார் டெல்பர்ட்.

"பெஞ்சுல உக்காரவெச்சா அவன் போகலாம். அது வேற." அவள் உட்கார்ந்து கோட்டை இழுத்துவிட்டாள். "ஜூலையில போறவங்க வேற."

"ஓ. சட்டத்துல ஒரு திருத்தம்."

"சின்னத் திருத்தம்."

ஹார்கிரோவ் மூன்று புள்ளியில் தோற்றது. டெல்பர்ட் அதை ஏற்கெனவே பழகியவர்போல எழுந்து முட்டியைத் தடவிக்கொண்டார். வெளியே கார்க் கண்ணாடிகளில் பனி பிடித்திருந்தது. சுரண்டும் அட்டையை எடுத்து அவளுடைய கண்ணாடியை முதலில் சுரண்டினார். அவள் இன்னொரு பக்கத்தைச் சுரண்டினாள்.

"கீழ்வரிசை?" என்றாள்.

"இன்னும் என்னோடதுதான்."

"அங்க யாரு சுத்தம் பண்றா?"

"ஒரு பையன். காதுல எதையோ மாட்டிக்கிட்டு வேலை செய்யறான். வாயைத் திறந்து நாப்பது நிமிஷம் படுத்திருந்தேன், ஒரு சத்தம் இல்லை. தூக்கம் வந்துடுச்சும்மா."

"மே மாசம் வாங்க. நூலையும் கொண்டு வாங்க. என் கண்ணு முன்னாடி போட்டுக் காட்டணும்."

"பாக்கலாம்," என்றார் டெல்பர்ட். அவர் குரலில் பயம் இருந்தது உண்மை.

வீட்டில் கேலன் துணிக்கடைப் பையைத் தேடினான். இல்லை. ஆர்லிஸ் நடந்ததைச் சொன்னாள். பல்செட்டையும் புரூயிட்டையும் சொன்னாள். வாதத்தில் தோற்றதைச் சொல்லவில்லை. கேலன் சாப்பிட்டு முடிக்கும்வரை கேட்டுக்கொண்டே இருந்தான்.

"அடுத்த ஆட்டம் எப்போ?" என்றான்.

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். இப்படி ஒரு கேள்வி அவன் வாயிலிருந்து வந்ததே இல்லை.

அடுத்த சனிக்கிழமை மூன்று பேரும் ஐந்தாவது வரிசையில் உட்கார்ந்தார்கள். ஆர்லிஸ் சாம்பல் நிறக் கோட்டு போட்டிருந்தாள். அது எந்தக் கட்சியும் இல்லை என்று டெல்பர்ட்டிடம் தெளிவாகச் சொன்னாள். கடலோரக் கூட்டணியில் ஷெல்டன் முந்தாநாள் வாங்கிய அடியைப் பற்றி அவர் கேட்டபோது, தான் அந்த ஆட்டத்தைப் பார்க்கவில்லை என்றாள். எத்தனை புள்ளியில் தோற்றோம் என்பதைத் தவறாகச் சொன்னவரைத் திருத்தியும் விட்டாள்.

இரண்டாம் பாதியில் ரெஃப்ரி புரூயிட்டின் மேல் ஒரு தவறான விசில் ஊதினார். பக்கத்தில் யாரோ எழுந்து, அரங்கம் அதிர, "ஏய், கண்ணு என்ன அவிஞ்சா போச்சு?" என்று கத்தினார்கள். ஆர்லிஸும் டெல்பர்ட்டும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள்.

கேலன்தான். முகம் சிவந்திருந்தது. நுழைவாயிலில் எப்போது வாங்கினானோ தெரியாது, தலையில் புத்தம்புதிய ஊதாத் தொப்பி ஒன்று இருந்தது.