அக்கா தூக்க நினைத்த பெட்டி

நான் ஊரைவிட்டுக் கிளம்பிய திங்கட்கிழமை காலை, அக்கா என் பெட்டியைத் தூக்கப் போனாள். அம்மா பாய்ந்து வந்து பிடுங்கினாள்.

"உனக்கு எதுக்குடி இந்த வேலை? போய் உட்காரு."

முப்பது வயது அக்கா போய் உட்கார்ந்தாள்.

ஆறு வயதில் அவளுக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது. வருடக்கணக்கில் மருந்து சாப்பிட்டுக் குணமானாள். நோய் போனது, எங்கள் வீட்டிலிருந்து பயம் போகவில்லை. ஓடாதே, குனியாதே, தூக்காதே. பள்ளியில் மற்ற பிள்ளைகள் விளையாட, அவள் அவர்களுடைய செருப்புகளுக்குக் காவல். அப்பா தேடிப் பிடித்த செல்போன் பழுதுபார்க்கும் கடை வேலையிலும் நாற்காலியைவிட்டு எழ வேண்டியதில்லை. உடம்பு பெருத்தது. "வாயைக் கட்டுடி" என்பாள் சித்தி, அவள் தட்டில் இன்னொரு கரண்டி வைத்துக்கொண்டே.

நான் போன மறு வருடம், குளியலறை வாசலில் லேசாகத் தடுக்கியதற்கே அக்காவின் மணிக்கட்டு முறிந்தது. சின்ன வயதில் சாப்பிட்ட மருந்துகளால் எலும்பு மெலிந்திருக்கிறது, எடை கூடியதிலும் அவற்றுக்குப் பங்குண்டு என்றார் ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர்.

"அதான் டாக்டர், இவளை ஒரு துரும்பைக்கூட நான் தூக்க விடறதில்லை" என்றாளாம் அம்மா.

"அது வேணாம்மா. எலும்புக்குக் கொஞ்சம் பாரம் வேணும். நடக்கணும், பயிற்சியாளர் சொல்ற மாதிரி மெதுவா தூக்கிப் பழகணும்."

"ராணி மாதிரி உட்கார வச்சே கவுத்துட்டாங்கடி" என்று அக்கா போனில் சிரித்தாள்.

கை சேர்ந்ததும் தண்ணீர் பாட்டிலில் தொடங்கினாள். பிறகு பழுது பார்த்த போன்களைப் பக்கத்துத் தெருக்களுக்கு நடந்தே கொண்டுபோய்க் கொடுத்தாள். எதிர் நடைபாதையில் அம்மா, காய்கறி வாங்க வந்தவள்போல. "உளவுத்துறை இன்னிக்கும் வந்துச்சு" என்பாள் அக்கா. ஒருநாள் உளவுத்துறைக்கே மூச்சு வாங்கி பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்துவிட்டது. அக்கா தெருவைக் கடந்து போய்க் காய்கறிப் பையை எடுத்துக்கொண்டாள். அம்மா பையையே பார்த்தாள். திருப்பிக் கேட்கவில்லை.

அடுத்த ஸ்கேனில் எலும்பு மேலும் மெலியவில்லை. முதுகெலும்பு கொஞ்சம் தேறியிருந்தது. பழைய சட்டைகள் இன்னும் பத்தவில்லை. ஆனால் கடை மாடிக்கு நிற்காமல் ஏறினாள்.

நாலைந்து ஊர் சுற்றிவிட்டு, பல வருடம் கழித்து நான் திரும்பிய அன்று, பஸ் எங்கள் ஊர் நிலையத்துக்குள் நுழையும்போது அக்காவின் செய்தி வந்தது:

"அம்மா வீட்டுலதான் இருக்காங்க. என்னை மட்டும்தான் அனுப்பினாங்க. பெட்டியில கை வைக்காதே."