நான்காவது நிபந்தனை

ஏற்காட்டிலிருந்து மஞ்சக்குட்டைக்குப் போகும் சாலையில் நல்லமுத்துவின் செடிப் பண்ணை இருந்தது. வெளியூர்களுக்கு விலைப்பட்டியல் அனுப்புவார்கள். மணியார்டர் வந்ததும் வேரில் ஈரப்பாசி சுற்றி, சாக்கில் தைத்துத் தபாலில் செடி போகும். அங்கே டைப்பிஸ்டாக இருந்தவள் ஜெயகுமாரி. பட்டியலின் பின்பக்க நிபந்தனைகள் அவளுக்கு மனப்பாடம். நான்காவது இது: ‘வழியில் வாடும் செடிகளுக்கு நிர்வாகம் பொறுப்பாகாது.’

எண்பத்தாறாம் வருஷக் கோடையில் சாத்தூரிலிருந்து காளியப்பன் என்பவர் தன் மனைவி பெயருக்கு ஓர் ஆரஞ்சுக் கன்று கேட்டிருந்தார். அந்த மனைவி வேலம்மாள் ஏற்காடு மலையிலேயே உள்ள கரடியூரில் பிறந்தவள். வயிற்றில் கட்டி வந்து படுத்துவிட்டவள், தன் ஊர்ச் செடி ஒன்றை வாசலில் பார்க்க ஆசைப்பட்டாள். தபால் எங்கோ தேங்கி, பன்னிரண்டாம் நாள் போய்ச் சேர்ந்த கன்று கருகியிருந்தது. வேறு கன்று அனுப்ப முடியுமா என்று அவர் எழுதிக் கேட்டார். ஜெயகுமாரி வழக்கம்போல ஒரு தபால் அட்டையில் ‘நிபந்தனை நான்கைப் பார்க்கவும்’ என்று அடித்து அனுப்பினாள். அன்றைக்கு மட்டும் அப்படி ஆறு அட்டைகள்.

ஐப்பசியில் அவரிடமிருந்து இன்னொரு கடிதம் வந்தது.

‘வேலம்மாள் போன மாதம் தவறிவிட்டாள். தபால்காரர் சத்தம் கேட்டால் கடைசிவரை தலையைத் திருப்பிப் பார்ப்பாள். செடி வராது என்று நான் அவளிடம் சொல்லவில்லை. இனி அவள் பெயருக்கு விலைப்பட்டியல் அனுப்ப வேண்டாம்.’

திட்டுக் கடிதங்கள் ஜெயகுமாரிக்குப் பழக்கம்தான். இதில் திட்டே இல்லை. அவள் அதைக் கோப்பில் சேர்க்காமல் தன் மேஜை இழுப்பறையில் வைத்துக்கொண்டாள்.

மறு வருஷம் நல்லமுத்து அவளைக் கூப்பிட்டார். “நுகர்வோர் சட்டமுன்னு புதுசா வந்திருக்குதாம்மா. நிபந்தனையெல்லாம் மாத்தோணுமுன்னு வக்கீலு சொல்றாரு. கேஸு கீஸு வராத மாதிரி அடிச்சுக் கொண்டா.”

அவள் அடித்துக்கொண்டு போன தாளில் நான்காவது இப்படி இருந்தது: ‘செடி வாடியிருந்தால் ஒரு கடிதம் எழுதுங்கள். வேறு செடி உடனே அனுப்புவோம்.’

“ஏம்மா, இப்படி எழுதுனா நல்லா வந்த செடியையும் வாடிப்போச்சும்பாங்களே!”

“சொல்லிட்டுப் போறாங்க ஐயா. நாம அட்டை போட்ட ஒருத்தரோட சம்சாரம், நம்ம கரடியூருல பொறந்தவங்க, செடியப் பாக்காமயே கண்ண மூடிட்டாங்க.” கடிதத்தை நீட்டினாள்.

அவர் படித்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

“கரடியூருல யாரு ஊட்டுப் புள்ளைம்மா?”

“தெரியலீங்க.”

தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

புது நிபந்தனைப்படி முதல் கன்று சாத்தூருக்குப் போனது. மூன்றாம் வாரம் ‘வாங்க மறுத்தார்’ என்ற குறிப்போடு திரும்பி வந்தது. ஜெயகுமாரி சாக்கைப் பிரித்தாள். மலையும் வெயிலும் தாண்டிப் போய் வந்த கன்று, இலை பசுமையாக உயிரோடு இருந்தது. அதைப் பார்த்ததும்தான் அவளுக்கு அழுகை வந்தது.

“வேற யாருக்காச்சும் அனுப்பிரும்மா. நொம்ப மனசப் போட்டு ஒழப்பிக்காத” என்றார் நல்லமுத்து.

அன்று மாலை அவள் பண்ணைத் தாளில் அல்லாமல், நோட்டிலிருந்து ஒரு பக்கம் கிழித்து, கையாலேயே காளியப்பனுக்கு எழுதினாள். அந்த அட்டையை அடித்தது நான்தான், மன்னித்துவிடுங்கள் என்று.

பதில் வரவில்லை.